மூணு வட்டிக் கடனை அடைக்க ஷார்ஜாவில் எடுத்த பர்சனல் லோன்: முழுத் தவணையும் கட்டி முடித்த அனுபவம்

2022 தொடக்கத்தில் ஷார்ஜாவில் ஒரு தனியார் வங்கியில் 25,000 திர்ஹாம் பர்சனல் லோன் எடுத்தேன். 36 மாதத் தவணை. போன வருடம் ஆரம்பத்தில் கடைசித் தவணையும் போய்விட்டது. எங்கள் காரிமங்கலம், பாலக்கோடு, போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து வளைகுடா வேலைக்குப் போகிற பையன்கள் இப்போது அதிகம். போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே எல்லோரும் கேட்கிற கேள்வி, "அண்ணா, இங்கேயே லோன் போட்டு ஊர்க்கடனை அடைச்சிடலாமா?" என்பதுதான். என் பதில்: ஊரில் இருப்பது மூணு வட்டிக் கடன் (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) என்றால் தாராளமாகச் செய்யலாம், அந்தத் தொகைக்கு மட்டும். வேறு எதற்கும் வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கடன் உருவான கதை தர்மபுரி மாவட்டத்தில் யாருக்கும் புதிதாக இருக்காது. ஆயிரம் அடிக்கு மேல் போட்டும் தண்ணீர் வராத போர், அக்கா கல்யாணம், அப்புறம் நான் வெளிநாடு போக ஏஜென்டுக்குக் கொடுத்த பணம். (அரசு விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஊரில் நடக்கிற கணக்கு வேறு.) எல்லாம் சேர்ந்து வெளிக்கடன் 5 லட்சம், நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. அதாவது மாதம் 15,000. அசல் அப்படியே நிற்கும். இது போக அம்மாவின் நகை கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருந்தது.

ஓசூர் சிப்காட்டில் மெஷின் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்த நான் 2021 ஆகஸ்டில் ஷார்ஜா கம்பெனியில் சேர்ந்தேன். சம்பளம் 6,000 திர்ஹாம், அதில் பேசிக் 3,000. முதல் ஆறு மாதம் புரொபேஷன். அது முடியும் வரை எந்த வங்கியும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நம்ம ஊர் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே எடுபடாது. அங்கே அல் எதிஹாத் கிரெடிட் பியூரோ என்று தனியாக ஒன்று இருக்கிறது, 300 முதல் 900 வரை ஸ்கோர். புதிதாகப் போனவனுக்கு அதில் ஒன்றுமே இருக்காது. அதனால் வங்கி பார்ப்பது நம்மை அல்ல, நம் கம்பெனியை. கம்பெனி அவர்கள் பட்டியலில் இருக்கிறதா, சம்பளம் மாதா மாதம் அந்த வங்கிக் கணக்கிலேயே விழுமா, இவ்வளவுதான். சம்பளத்தை வங்கிக் கணக்கில் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் கார்டில் (பணம் மாற்றும் நிறுவனம் தரும் சம்பள அட்டை) வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

கேட்ட காகிதங்கள் அதிகமில்லை: பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, சம்பளச் சான்று, கணக்கு விவரம், அப்புறம் சேலரி டிரான்ஸ்பர் லெட்டர். இந்தக் கடைசிக் கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சம்பளம் மட்டுமல்ல, வேலையை விட்டுப் போகும்போது வரவேண்டிய கிராஜுவிட்டியும் இந்தக் கணக்குக்கே வரும் என்று கம்பெனி அதில் எழுதிக் கொடுக்கிறது. கூடவே வங்கி நம்மிடம் கையெழுத்துப் போட்ட செக் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளும். 2022 ஜனவரி முதல், கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் பெரும்பாலும் அது கிரிமினல் குற்றமாகாது. ஆனால் வங்கி நேராக கோர்ட்டில் அமலாக்கத்துக்குப் போகலாம், பயணத் தடையும் வாங்கலாம். ஊருக்குக் கிளம்பி விமான நிலையம் வரை போய்த் திரும்பி வரும் நிலை யாருக்கும் வேண்டாம்.

இப்போது வட்டி. வங்கியிலிருந்து வந்தவர் சொன்னது 5.25 சதவீதம். நம்ம ஊர்க் கணக்கில் மாதத்துக்கு நூற்றுக்கு அரை ரூபாய்கூட வரவில்லையே என்று தோன்றும். அது ஃபிளாட் ரேட். 25,000 திர்ஹாமுக்கு மூன்று வருடமும் முழுத் தொகைக்கே வட்டி போடுகிறார்கள். பாதித் தவணை கட்டிய பிறகு நாம் பாக்கி வைத்திருப்பது சுமார் 13,400தான், ஆனால் வட்டி 25,000க்கு ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் (இதுதான் ரெட்யூசிங் ரேட்) அதே கடனின் உண்மையான வட்டி 9.75 சதவீதம். ஊர்க் கணக்கில் முக்கால் ரூபாய்க்குச் சற்று மேல். அப்போதும் மூணு வட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது ஒருவர் ஃபிளாட் சொல்வார், இன்னொருவர் ரெட்யூசிங் சொல்வார். இரண்டு பேரிடமும் "ரெட்யூசிங் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டணும்?" என்று மட்டும் கேளுங்கள். பிராசஸிங் கட்டணமாகக் குறைந்தபட்சம் 500 திர்ஹாம், அதன் மேல் வாட் வரி, தனியாகக் கடன் இன்சூரன்ஸ், இவையும் உண்டு.

எனக்கு மாதத் தவணை 804 திர்ஹாம். அப்போது ஒரு திர்ஹாம் 20 ரூபாய் சொச்சம், அதாவது 16,300 ரூபாய் போல. ஊரில் வெறும் வட்டியாக 15,000 போய்க்கொண்டிருந்த இடத்தில் ஆயிரத்துச் சொச்சம் கூடக் கட்டினால் மூன்று வருடத்தில் கடனே இருக்காது. இந்த ஒரு கணக்குக்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். இன்று யோசித்தாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். பணம் ஊருக்குப் போன அன்று அப்பா புரோநோட்டையும், வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த செக்கையும், நிலப் பத்திரத்தையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் தொகையைக் கொடுத்தார். இதை விட்டுவிடாதீர்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது, ஆனாலும் நோட்டு அவர்கள் பெட்டியில் இருக்கும் வரை நம் கடன் அடைந்ததாக அர்த்தமில்லை.

நகைக் கடனை மட்டும் நான் தொடவில்லை. வங்கி 80,000 திர்ஹாம் வரை தரத் தயாராக இருந்தது. அங்கே மத்திய வங்கி விதிப்படி சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை, அதிகபட்சம் 48 மாதத்துக்கு, எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் கொடுக்கலாம். சம்பளத்தில் பாதி என்பது வங்கிக்குப் பாதுகாப்பான எல்லை, வாடகையும் சாப்பாடும் ஊருக்கு அனுப்புவதும் நம் தலையில். அதைவிட முக்கியமான காரணம் ரூபாய் மதிப்பு. திர்ஹாம் 1997 முதல் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.6725. ரூபாய் இறங்க இறங்க அதே 804 திர்ஹாமின் ரூபாய் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. 2024 கடைசியில் ஒரு திர்ஹாம் 23 ரூபாயைத் தாண்டி, தவணை 18,700 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. நான் ஊருக்கு அனுப்பியது 5 லட்சம். திருப்பிக் கட்டியது, அந்தந்த மாத மதிப்பில் பார்த்தால், 6.4 லட்சம் அளவுக்கு வரும். ஒன்றேகால் ரூபாய் வட்டிக்கு வாங்கியதைப் போல. மூணு வட்டிக்கு இது லாபம், கூட்டுறவுச் சங்க நகைக் கடனுக்கு இது நஷ்டம். நகையை மாதச் சேமிப்பில் மெதுவாக மீட்டோம், ரூபாய் இறங்கியது அங்கே நமக்கு உதவியாகவே இருந்தது. மனை வாங்க, மாடி கட்ட என்று திர்ஹாமில் லோன் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நடுவில் கஷ்டம் வந்தது இரண்டு இடத்தில். ஒருமுறை கம்பெனியில் சம்பளம் தாமதமாகி தவணை தவறியது. தாமதக் கட்டணம் போட்டார்கள், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பதிவானது. அடுத்தது 2023இல் வேறு கம்பெனிக்கு மாறியபோது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக் சம்பளம் கிராஜுவிட்டி. அந்தப் பணமும் கடைசி மாதச் சம்பளமும் கணக்கில் விழுந்ததும் வங்கி அப்படியே நிறுத்தி வைத்துவிட்டது. புதுக் கம்பெனியின் டிரான்ஸ்பர் லெட்டர் போன பிறகுதான் விடுவித்தார்கள். புது விசா, புது ஐடி வரும் வரை கையில் காசில்லாமல் நிற்க வேண்டியது, நான் இன்னொரு வங்கியில் இரண்டு மாதச் செலவுக்கு வைத்திருந்ததால் தப்பினேன். என் அறையில் இருந்த மத்தூர்க்காரருக்கு வேலையே போனபோது அந்தச் சேமிப்பு இல்லை. மொத்த செட்டில்மென்டும் கடனுக்குப் போய், ஊருக்கு டிக்கெட் எடுக்க நாங்கள் சேர்ந்து கொடுத்தோம். அதனால் லோன் பணம் கைக்கு வருவதற்கு முன்பே அந்த இரண்டு மாதத் தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சில தவணை ஒழுங்காகக் கட்டியதும் டாப்-அப் (அதே லோன் மேல் கூடுதல் கடன்) வேண்டுமா என்று போன் வர ஆரம்பிக்கும். எடுத்தால் பழைய பாக்கியோடு சேர்த்துத் தவணைக் காலம் மறுபடி நீளும். நான் மறுத்துவிட்டேன். லோனோடு சேர்த்துக் கொடுத்த கிரெடிட் கார்டையும் ரத்து செய்தேன். கையில் பணம் சேர்ந்து முன்கூட்டியே முடிக்க நினைப்பவர்களுக்கு, கட்டணம் பாக்கித் தொகையில் 1 சதவீதம்தான்.

கடைசித் தவணை போனால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். நோ லயபிலிட்டி லெட்டரை (கடன் பாக்கி இல்லை என்ற கடிதம்) நாமே கேட்டு வாங்க வேண்டும், கொடுத்திருந்த செக்கையும் திரும்பக் கேட்க வேண்டும். என் வங்கி செக்கைத் தேட நேரம் எடுத்துக்கொண்டது, கிரெடிட் பியூரோ ரிப்போர்ட்டிலும் லோன் திறந்திருப்பதாகவே கொஞ்ச காலம் காட்டியது. லெட்டரை அனுப்பிய பிறகுதான் சரிசெய்தார்கள். அந்த லெட்டரின் ஒரு நகலை ஊரில் அப்பாவிடமும் கொடுத்து வைத்திருக்கிறேன்.