வேதியியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர்: சட்ட அலுவலகமா, நிறுவனமா?

பல கட்சிக்காரர்களுக்கு வேலை செய்யும் சட்ட அலுவலகத்தில் சேர்வதா, மருந்தோ சாயமோ தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சேர்வதா? இரண்டிலும் இருந்திருக்கிறேன். இப்போது நிறுவனத்தில் இருக்கிறேன். என் சாய்வும் அந்தப் பக்கமே.

வருமானத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அலுவலகத்தில் பங்குதாரராகிவிட்டால் கூடுதலாகக் கிடைக்கும். அதுவரை ஒவ்வொரு மணிக்கும் கணக்கு எழுத வேண்டும். காலையில் வினையூக்கி, மாலையில் பெயின்ட் என்று வகைவகையான வேலையும் அங்கேதான்.

என்னை இழுத்தது ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருப்பதுதான். விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தபின் அதில் புதிய விஷயம் எதையும் நுழைக்க முடியாது. வேதியியலிலோ ஒரு கார்பன் கூடினாலே சேர்மத்தின் குணம் மாறிவிடலாம். சாயங்களுக்காக 1924-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற யூஜின் மார்க்குஷின் பெயரால் வழங்கும் கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகம்) வடிவத்தை நாங்கள் அன்றாடம் எழுதுகிறோம்: ஓரிடத்தில் இந்தத் தொகுதிகளில் ஏதேனும் ஒன்று வரலாம் என்பது அதன் சாரம். ஒன்று முதல் ஆறு கார்பன் வரையிலான ஆல்கைல் தொகுதி என்று தாராளமாக எழுதிவிடலாம். ஆனால் செய்து காட்டியவை ஒரு கார்பன் கொண்ட மெத்திலும் இரண்டு கொண்ட எத்திலும் மட்டும் என்றால், ஆறு கொண்ட ஹெக்சிலுக்கு என்ன ஆதாரம் என்று விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அரசுப் பரிசோதகர் கேட்பார்.

அலுவலகத்தில் இருந்தபோது இத்தகைய கோப்புகள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் கைக்கு வரும். கண்டுபிடித்தவர் அதற்குள் வேறு திட்டத்துக்குப் போயிருப்பார். இருப்பதை வைத்து எழுத வேண்டியதுதான். இங்கே மாடியிறங்கிப் போய், "பியூட்டிலும் ஹெக்சிலும் செய்து பாருங்களேன்" என்று கேட்கலாம். ஹெக்சில் சேர்மம் வேலை செய்யவில்லை என்றால் நான்கு கார்பன் கொண்ட பியூட்டிலோடு கோரிக்கையை நிறுத்திக்கொள்கிறோம். முதல் தாக்கலிலிருந்து கணக்கிடும் 12 மாத முன்னுரிமைக் காலத்துக்குள் புதிய உதாரணங்களைச் சேர்த்து மறுபடி தாக்கல் செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் முதல் விண்ணப்பத்தில் இல்லாதவற்றுக்குப் பிந்தைய தேதிதான் கிடைக்கும். இடையில் போட்டியாளர் முந்திக்கொண்டால் போயிற்று.

நிறுவனத்தில் சலிப்பும் உண்டு. முதலில் சேர்மம், பிறகு அதன் உப்பு, படிக வடிவம், தயாரிப்பு முறை என்று ஒரே மூலக்கூறைச் சுற்றியே ஆண்டுகள் போகும். நீதிமன்ற வழக்குகளில் என் அனுபவம் சொற்பம். அதில் ஆர்வமுள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

பட்டம் பெற்ற கையோடு வருபவர்கள் முதலில் அலுவலகத்தில் சேர்வதே நல்லது. கோரிக்கையில் 'கொண்ட' என்பதற்கும் 'மட்டுமே கொண்ட' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்பு மையால் திருத்திக் கற்றுத்தரும் மூத்தவர்கள் அங்கேதான் அதிகம்.