கள்ளா, கருப்பநீரா?

வட இலங்கையின் பூநகரியில் பனை ஏறுகிறவர், சாறு சேரும் முட்டியின் (பானையின்) உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்புச் சாறான கருப்பநீர், பூசாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை.

கள்ளுக்கு வேலை குறைவு. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) தானாகவே நொதிக்க வைக்கும். இங்கிலாந்தின் சமர்செட்டில் ஆப்பிள் சாறு பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து சைடராகிறது. நம் கள்ளோ சில மணி நேரத்தில் பொங்கி, மறுநாளே புளித்துப்போகும். போத்தலில் அடைக்கச் சூடாக்க வேண்டும். பிறகு அந்த இறக்கின சுவை கிடைக்காது.

கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. மாதக்கணக்கில் இருக்கும், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். விறகுதான் நிறைய வேண்டும். சுண்ணாம்பு கூடினாலும் சுவை கெடும், குறைந்தாலும் புளிக்கும். அந்த அளவு அனுபவசாலியின் கைக்குத்தான் தெரியும்.

என் விருப்பம் கருப்பநீர். ஆனாலும் கள்ளைக் கைவிடச் சொல்லமாட்டேன். விற்ற காசு அன்றைக்கே கையில் வரும். சீவல் தொழிலாளிக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, எதை இறக்கவும் மரம் வேண்டுமே! போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக எத்தனையோ பனைகளைத் தறித்தோம். இன்று பனங்கொட்டை புதைத்தால், சீவும் பருவம் வர 15 வருடமளவில் ஆகும்.