வருடச் சந்தா என்னிடம், லீக் வேறொருவரிடம்

கேபிளை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் மேட்ச் பார்ப்பதற்காகவே வீட்டில் டிவி வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் இன்னொன்றில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் விடாமல் பார்க்கும் கால்பந்து லீக்கின் சீசன் பாதியைத் தாண்டியிருந்த நேரம். ஆப்பைத் திறந்தாலே முதல் பக்கத்தில் அந்த லீக்கின் கோப்பை, இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களின் முகம், கீழே 'எல்லா ஆட்டங்களும் நேரலையில்' என்று கொட்டை எழுத்து. மாதச் சந்தாவும் இருந்தது. ஆனால் பன்னிரண்டு மாதச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால் வருடச் சந்தா ஏறக்குறைய பாதி. பக்கத்திலேயே 'சலுகை இன்னும் 2 நாள் மட்டும்' என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. (அந்தக் கடிகாரம் அடுத்த வாரமும் ஓடியது, அது வேறு கதை.) இந்த சீசனின் மிச்சம், அப்புறம் அடுத்த சீசனின் முதல் பாதி, இரண்டும் பன்னிரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், கட்டிவிட்டேன். அதே வாரத்தில் கேபிளையும் நிறுத்தச் சொல்லி, செட் டாப் பாக்ஸைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். "ரெண்டையும் ஒரு மாசம் வெச்சுப் பாரேன்" என்று அப்பா சொன்னார். எதற்கு வீண் செலவு என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே ஒரு சின்ன இடறல். நான் வாங்கியது போனில் மட்டும் ஓடும் திட்டமாம். டிவியில் பார்க்க வேண்டுமானால் மேலே உள்ள திட்டத்துக்குப் போக வேண்டும், அதற்குத் தனிப் பணம். பணம் கட்டும் பக்கத்தில் இது இருந்ததா என்று போய்ப் பார்த்தேன். இருந்தது, சாம்பல் நிறத்தில், விலைக்குக் கீழே, ஒரு சின்ன 'i' எழுத்தைத் தொட்டால் விரியும் இடத்தில். சரி, நம் தப்பு என்று அதையும் கட்டினேன். இங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அப்புறம் கோப்பை ஆட்டம் ஒன்று, பெனால்டி ஷூட் அவுட் வரை போனது. எங்கள் வீட்டில் பந்து இன்னும் புள்ளியில்தான் இருக்கிறது, உதைக்கப்போகிறவர் இடுப்பில் கை வைத்து நடுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மாடி வீட்டில் ஒரே கூச்சல். அவர்கள் வீட்டில் கேபிள். அடுத்தவர் வருகிறார், பந்தை வைக்கிறார், மாடியில் "ஐயோ!" என்று ஒரு குரல். அவர் தவறவிடப் போகிறார் என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் டிவியைப் பார்த்தேன். கடைசி மூன்று உதைகளையும் மாடி வீட்டுக்காரர்கள் எங்களுக்கு முன்கூட்டியே ஒலிபரப்பிவிட்டார்கள். இதற்கு நடுவில் என் போனில் இருந்த ஸ்கோர் ஆப் வேறு டிங் என்று முடிவைச் சொல்லிவிட்டது.

இதை மட்டும் மோசடி என்று சொல்ல மாட்டேன், தொழில்நுட்பம் அப்படி. ஸ்ட்ரீமிங்கில் நேரலைப் படம் தொடர்ச்சியாக வருவதில்லை, துண்டு துண்டாக வெட்டி அனுப்பப்படுகிறது. இப்படித் துண்டாக அனுப்ப ஆப்பிள் உருவாக்கி, இன்று பரவலாகப் புழங்கும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 6 வினாடி நீளம் இருக்கலாம் என்பது ஆப்பிளின் பரிந்துரை. ஆப் அப்படி மூன்று துண்டுகளையாவது கையில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பொதுவாக ஓட ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நின்றுவிடும். ஆக, அதிலேயே 18 வினாடி. படத்தைச் சுருக்குவது, சர்வர் சர்வராகக் கடத்துவது எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம் எளிதாகத் தாண்டும். தாமதத்தைக் குறைக்கும் வடிவம் 2019லேயே வந்துவிட்டது, ஆனால் அதை எல்லோரும் பயன்படுத்துவதில்லை. கேபிளிலும் தாமதம் உண்டு, ஆனால் சில வினாடிகள்தான். என் குறை, தாமதம் இருந்தது என்பதல்ல. 'நொடிகூடத் தவறாத நேரலை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே, அதுதான்.

சீசன் முடிந்தது. கோடை விடுமுறை. ஆப்பைத் திறக்கவே இல்லை.

புது சீசனின் முதல் நாள், ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டிவியைப் போட்டேன். முதல் பக்கத்தில் லீக்கைக் காணோம், வேறு ஏதோ சமையல் போட்டி. லீக்கின் பெயரைத் தட்டித் தேடினால் 'மறக்க முடியாத தருணங்கள்', 'சீசனின் சிறந்த 50 கோல்கள்' என்று போன வருடத்துத் துணுக்குகள் வரிசையாக வந்தன. ஆப் பழையதாக இருக்கும் என்று அப்டேட் செய்தேன், லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே போனேன், வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். மாடியில் கூச்சல் கேட்டது. கோல் போலிருக்கிறது.

கஸ்டமர் கேர் சாட்டில் நடந்ததை அப்படியே தருகிறேன், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

"வணக்கம் சார், உங்கள் சந்தா செயல்பாட்டில் உள்ளது."

"சந்தா இருக்கிறது, ஆட்டம் எங்கே?"

"சார், குறிப்பிட்ட அந்த லீக் தற்போது எங்கள் தளத்தில் இல்லை. உள்ளடக்கம் மாறுதலுக்கு உட்பட்டது என்று விதிமுறைகளில் குறிப்பிடப்பட்டுள்ளது."

"அந்த லீக்கின் படத்தைப் போட்டுத்தானே வருடச் சந்தா விற்றீர்கள்?"

"உங்கள் கருத்துக்கு நன்றி சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

ரீஃபண்ட் கேட்டேன். சந்தா எடுத்த சில நாட்களுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். அந்தச் சில நாட்களில் லீக் அங்கேயே இருந்ததே, நான் எதற்கு ரீஃபண்ட் கேட்பேன்? அதற்குப் பதில் வரவில்லை, சாட் முடிந்துவிட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

உண்மையிலேயே வயிறு எரிந்தது அன்று இரவு பழைய செய்திகளைத் தேடிப் படித்தபோதுதான். அடுத்த சீசனுக்கான ஒளிபரப்பு உரிமையை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது என்ற செய்தி, நான் சந்தா கட்டியதற்கு மூன்று மாதம் முன்பே வந்திருக்கிறது. அதாவது, பாதி விலைச் சலுகை என்று கடிகாரம் ஓடவிட்டு அந்தக் கோப்பைப் படத்தைக் காட்டும்போதே, இன்னும் சில மாதத்தில் இது நம் கையில் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. வாடகை வீட்டைச் சொந்த வீடு மாதிரி காட்டி உள்வாடகைக்கு விட்ட கதைதான், இதற்கு நாசூக்கான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எந்த ஆப்பும், எந்தச் சேனலும் விளையாட்டை உருவாக்குவதில்லை. சில வருடங்களுக்கு ஏலத்தில் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் டிவிக்கு ஒருவர், இணையத்துக்கு ஒருவர் என்று பிரித்து விற்கும் வழக்கமும் உண்டு. 2022 ஜூனில் ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான உரிமையை ஏலம் விட்டபோது இந்தியாவுக்கான டிவி உரிமை ஒரு கம்பெனிக்கும் டிஜிட்டல் உரிமை இன்னொரு கம்பெனிக்கும் போனது நினைவிருக்கும். ஒரே ஆட்டம், இரண்டு கடை. 'எல்லா ஆட்டங்களும்' என்பதும் அப்படித்தான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 380 ஆட்டங்கள். ஆனால் அந்த நாட்டுக்குள் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையில் காட்டத் தடை உண்டு, அந்த நேரத்தில் நடக்கும் ஆட்டத்தை வெளிநாட்டில் இருப்பவர் பார்ப்பார், பக்கத்துத் தெருவில் இருப்பவர் பார்க்க முடியாது. எந்த ஆட்டங்கள், எந்த நாட்டில், எந்த சீசன் வரை என்று மூன்றையும் சொல்லாத 'எல்லாம்' வெறும் சத்தம்.

கேபிள்தான் நல்லது என்று சொல்ல வருகிறேனா? இல்லை. பார்க்காத நாற்பது சேனலை ஒரு விளையாட்டுச் சேனலோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைப்பவர்கள் அவர்கள். சேனல்காரருக்கும் கேபிள்காரருக்கும் சண்டை வந்தால் இருட்டில் உட்கார வேண்டியது நாம்தான். 2023 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவில் டிஸ்னிக்கும் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்துக்கும் கட்டணத் தகராறு முற்றி, யுஎஸ் ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வீடுகளில் டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் காணாமல் போனது. செப்டம்பர் 11 அன்றுதான் திரும்ப வந்தது. டென்னிஸ் அதற்கு முந்தைய நாளே முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். கேபிளில் ஒரே சிக்னல் எல்லா வீட்டுக்கும் போகிறது, பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் போக வேண்டும். கூட்டம் கூடும் நாளில்தான் அதன் மூச்சு திணறும், நமக்கு முக்கியமான ஆட்டமும் அந்த நாளில்தான் இருக்கும். 2018 கால்பந்து உலகக் கோப்பையின்போது ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திணறிப்போய், கடைசியில் எஸ்பிஎஸ் என்ற இலவசச் சேனலில் ஆட்டங்களைக் காட்ட வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் மைக் டைசன், ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியபோதும் பஃபர் புகார் குவிந்தது. முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். செலவு செய்து தயாராக இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் அரையிறுதியில் வட்டம் சுற்றும்.

எனவே மாறுவதென்றால் மாறுங்கள், ஆனால் வருடச் சந்தாவைத் தொடாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி என்றாலும். மாதச் சந்தா விலை கூடத்தான், ஆனால் லீக் போன மறுநாளே நாமும் கிளம்பிவிடலாம். கட்டுவதற்கு முன்னால் லீக்கின் சொந்த இணையதளத்துக்குப் போய், உங்கள் நாட்டில் யார் காட்டுகிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள், உரிமை எந்த சீசனோடு முடிகிறது என்று செய்திகளில் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. விளம்பரப் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னிடம் அந்தக் கோப்பைப் படம் போட்ட பக்கம் இல்லை, அதனால்தான் புகார் கொடுத்தும் என் வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. முக்கியமாக, ஒரு பெரிய ஆட்டத்தைப் புது ஆப்பில், உங்கள் டிவியில், உங்கள் நெட்டில் பார்த்து முடிக்கும் வரை கேபிள் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அப்பா சொன்னதும் இதைத்தான், அவர் அதை இன்னும் ஞாபகப்படுத்தாமல் இருப்பதே பெரிய விஷயம்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைப்பது தனிக் கூத்து. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிற்காது. நான் இணையதளம் வழியாகக் கட்டியதால் ஆப்பில் ரத்து செய்யும் பட்டனே இல்லை. கம்ப்யூட்டரில் போய், கணக்கு, பில்லிங், 'சலுகைகள்' என்று நுழைந்து, 'உங்களைப் பிரிய வருந்துகிறோம்' என்ற பக்கத்தில் மூன்று தடவை ஆமாம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் நம்பிக்கை இல்லாமல், கார்டு பக்கம் போய் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்திருந்த தானியங்கி அனுமதியையும் நீக்கினேன்.

இப்போதைய நிலவரம்: கேபிள் மறுபடி வந்துவிட்டது, புது இணைப்பு என்று சொல்லி பாக்ஸுக்குத் திரும்பவும் பணம் வாங்கினார்கள். ஸ்ட்ரீமிங் சந்தாவில் இன்னும் ஆறு மாதம் மீதி இருக்கிறது. மத்தியான வேளையில் அப்பா அதில் போன சீசனின் சிறந்த 50 கோல்களைப் போட்டுப் பார்க்கிறார். அது மட்டும் ஒரு தடவைகூட நின்றதில்லை.