குறியாக்க மாற்றிக்குள் எந்த லைப்ரரி: ஜிலிப்சி, லிப்ஐகான்வ், ஐசியூ, ரஸ்ட்

பழைய குறியாக்கங்களில் (எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் முறைகளில்) கிடக்கும் கோப்புகளை யூடிஎஃப்-8 முதலிய ஒருங்குறி வடிவங்களுக்கு மாற்றும் சிறு கட்டளைவரிக் கருவி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். மூலநிரல் திறந்தது. லினக்ஸ், விண்டோஸ், ஆர்ம் மூன்றுக்குமான பைனரிகளும் ஒரே லினக்ஸ் கணினியில்தான் கிராஸ் கம்பைல் ஆகின்றன, அதாவது ஒரு மேடையில் இருந்தபடி மற்ற மேடைகளுக்காகக் கட்டப்படுகின்றன. உள்ளே எந்த லைப்ரரியை வைப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். கம்பைல் ஆகிறதா என்பதைவிட, ஒரே உள்ளீட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே வெளியீடு வருகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

முதலில் ஜிலிப்சி, லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது, எதையும் சேர்க்க வேண்டாம். பழைய தமிழ்க் குறியாக்கமான நம் திஸ்கி வரை அதில் உண்டு. ஆனால் பெரும்பாலான குறியாக்கங்கள் தனித்தனி மாட்யூல்களாக ஜிகான்வ் கோப்புறையில் இருக்கின்றன. கருவி ஓடும்போதுதான் ஏற்றப்படுகின்றன. ஸ்டேடிக்காக, அதாவது லைப்ரரியைப் பைனரிக்குள்ளேயே சேர்த்து, லிங்க் செய்தாலும் அவை பைனரிக்குள் வருவதில்லை. இது தெரியாமல் ஒரு வெளியீட்டைச் சின்னக் கன்டெய்னரில் (தேவையான கோப்புகள் மட்டுமே உள்ள தனிச் சூழலில்) ஓட்டியபோது ஆஸ்கியும் யூடிஎஃப்-8-உம் வேலை செய்தன, ஜப்பானியக் குறியாக்கமான ஷிஃப்ட்-ஜிஸ் திறக்கவே இல்லை. என் கணினியில் மாட்யூல்கள் இருந்ததால் சோதனையில் அது தெரியவில்லை.

லினக்ஸுக்கான இன்னொரு சிறிய சி லைப்ரரியான மசல் இதற்கு நேர்மாறு: அட்டவணைகள் லைப்ரரிக்குள்ளேயே இருக்கும், ஸ்டேடிக் பைனரி தொல்லை தராது. ஆனால் இலக்குக் குறியாக்கத்தில் இல்லாத எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டுப் போய்விடும். தரவைக் காக்க வேண்டிய கருவிக்கு இது ஒத்துவராது.

குறியாக்க மாற்றத்துக்கென்றே உள்ள தனி லைப்ரரியான லிப்ஐகான்வில்தான் அதிக நாள் செலவிட்டேன். வெளியீட்டுத் தொகுப்பை எடுத்து, அதிலுள்ள கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு இலக்கு மேடையின் பெயரைக் கொடுத்தால் விண்டோஸுக்கும் ஆர்முக்கும் கட்டிவிடலாம். கிட் களஞ்சியத்திலிருந்து மூலநிரலை எடுத்தால் ஜிபெர்ஃப் என்ற கருவி வேண்டும், அட்டவணைகளை உங்கள் கணினியிலேயே உருவாக்க வேண்டும். வெளியீட்டுத் தொகுப்பே நல்லது. கவனிக்க வேண்டியது ஹெடர்: லிப்ஐகான்வின் ஹெடரும் ஜிலிப்சியின் லைப்ரரியும் கலந்துவிட்டால், லிப்ஐகான்வ்_ஓப்பன் என்ற ஃபங்ஷன் இல்லை என்று லிங்கர் நிற்கும். அப்போது முதலில் சிஸ்ரூட்டின் (இலக்கு மேடையின் ஹெடர்களும் லைப்ரரிகளும் உள்ள கோப்புறையின்) பாதைகளைப் பாருங்கள். இதில் திஸ்கி கிடையாது, அதனால் அதை நானே எழுதிச் சேர்த்தேன். வெறும் அட்டவணை போதாது. திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகும், ஒருங்குறியில் பின்னால். வரிசையை மாற்றியாக வேண்டும்.

ஒருங்குறிக்கான ஐசியூ லைப்ரரி மிக விரிவானது, மெயின்ஃபிரேம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறியாக்க வகைகள்கூட உண்டு. ஆனால் கிராஸ் கம்பைல் செய்ய இரண்டு முறை கட்ட வேண்டும்: முதலில் உங்கள் கணினிக்கு, பிறகு அதன் கருவிகளை வைத்து இலக்குக்கு. தரவுக் கோப்பும் பெரிது; 64-ஆம் பதிப்பு முதல் வடிகட்டிக் குறைக்கலாம். ஒரு சிறு கருவிக்கு இத்தனை பாரம் வேண்டியதில்லை.

ரஸ்ட் மொழியின் என்கோடிங்_ஆர்எஸ் லைப்ரரி கட்டுவதற்கு மிக எளிது. ஃபயர்பாக்ஸ் 56-இலிருந்து உள்ளே இருப்பது, நம்பகமானது. ஆனால் அது இணைய உலாவிகளின் விதிப்படி நடக்கும்: ஐஎஸ்ஓ-8859-1 என்று கேட்டால் விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொள்ளும், யூடிஎஃப்-16-க்கு எழுதச் சொன்னால் யூடிஎஃப்-8 தரும். வலைப்பக்கங்களுக்கு அது சரி, என் பயனர்களின் பழைய கோப்புகளுக்குப் பொருந்தாது.

பராமரிப்பில் ஜிலிப்சிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். 2024-இல் அதன் ஐஎஸ்ஓ-2022-சிஎன்-எக்ஸ்ட் மாட்யூலில், எல்லை தாண்டி 4 பைட் வரை எழுதும் ஓட்டை வெளியானது. பிஎச்பி வழியாகத் தாக்க முடியும் என்பதும் தெரிந்தது. டைனமிக்காக (கணினியில் உள்ள லைப்ரரியையே ஓடும்போது பயன்படுத்தும்படி) இணைத்தவர்களுக்கு டிஸ்ட்ரோவின், அதாவது அவர்களின் லினக்ஸ் விநியோகத்தின், புதுப்பிப்பே போதும். லைப்ரரியை உள்ளே வைத்து அனுப்புபவருக்கு அந்தப் பொறுப்பு சொந்தத் தலையில்.

அதனால் டிஸ்ட்ரோக்கள் தாமே கட்டிக்கொள்ளும்போது ஜிலிப்சி, நான் வெளியிடும் பைனரிகளில் லிப்ஐகான்வ் என்று பிரித்துவிட்டேன். இரண்டின் வெளியீட்டையும் ஒவ்வொரு முறையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறேன். ஆர்ம் பைனரி கியூஎமு என்ற எமுலேட்டர் வழியாக ஓடுகிறது. வெறும் யூடிஎஃப்-16 என்று கேட்டால் ஜிலிப்சி அந்தக் கணினியின் பைட் வரிசையிலும் லிப்ஐகான்வ் பிக் எண்டியனிலும் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) எழுதுகின்றன. எனவே என் கருவியில் எல்இ (லிட்டில் எண்டியன்), பிஇ (பிக் எண்டியன்) என்று சொல்லாமல் யூடிஎஃப்-16 கேட்டால் பிழை என்று நிறுத்திவிடும்.