நிறுவனத்தில் புதுக் கண்டுபிடிப்புகள் வர எது சரி: தனி ஆய்வுக்கூடமா, ஊழியர் எல்லோருக்கும் 15 சதவீத நேரமா?

நகல் இயந்திர நிறுவனமான ஜெராக்ஸ் 1970-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் தனி ஆய்வுக்கூடம் திறந்தது. 1973-லேயே அங்கே மவுஸும் வரைகலைத் திரையும் கொண்ட ஆல்டோ கணினி ஓடியது. ஆனால் அது விற்பனைப் பொருளாகவில்லை. லேசர் பிரிண்டர் சந்தைக்குப் போனது, நகல் இயந்திரம் விற்றவர்களுக்கு அது புரிந்த சரக்கு.

3எம் நிறுவனமோ ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிட அனுமதித்தது. அங்கே 1968-இல் கிடைத்த, இறுக ஒட்டாத பசை 1980-இல்தான் போஸ்ட்-இட் என்னும், ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளாகப் பரவலாக விற்பனைக்கு வந்தது. 12 ஆண்டுகள்! பொறுமையில்லாத இடத்தில் இது எடுபடாது. அவசர வேலை வந்தால் முதலில் பறிபோவதும் அந்த நேரம்தான். வாரம் 40 மணியில் 6 மணியை நாட்காட்டியிலேயே பூட்டி வையுங்கள்.

அடிப்படை ஆராய்ச்சிக்கு ஆய்வுக்கூடமே சரி. ஆனால் கண்டுபிடிப்பை ஏற்கப்போகும் பிரிவையும் அதற்கான பட்ஜெட்டையும் முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும்.