ஜப்பானிய வாக்கிய வரிசை: ஆங்கிலம் வழியா, தமிழ் வழியா, வினையிலிருந்தா?

"நேற்று நண்பருடன் கடையில் வாங்கிய புத்தகத்தை இன்று ரயிலில் படித்தேன்." இதே வாக்கியம் ஜப்பானிய மொழியில்: "கினோ தொமொதச்சி தொ மிசெ தெ கத்த ஹொன் ஒ க்யோ தென்ஷ தெ யொமிமஷித." கினோ நேற்று, தொமொதச்சி தொ நண்பருடன், மிசெ தெ கடையில், கத்த வாங்கிய, ஹொன் ஒ புத்தகத்தை, க்யோ இன்று, தென்ஷ தெ ரயிலில், யொமிமஷித படித்தேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை.

ஆனாலும் தமிழர்களில் பலர் இந்த மொழியை ஆங்கிலப் பாடங்கள் வழியாகத்தான் படிக்கத் தொடங்குகிறார்கள். அங்கே முதல் பாடமே "எழுவாய், செயப்படுபொருள், வினை" என்ற சூத்திரம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது பெரிய செய்தி. நமக்கு அது அன்றாடப் பேச்சு. சூத்திரத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நண்பருடன், கடையில், ரயிலில் போன்றவை எங்கே உட்காரும் என்று அது சொல்வதே இல்லை. எழுவாயை முதலில் நிறுத்தியே பழகியவர் வாக்கியத்துக்கு வாக்கியம் "வதஷி வ" (நான்) போடுவார். யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டால் ஜப்பானியர் அதைச் சொல்வதில்லை. கேட்பவருக்கு 'நான், நான்' என்று அழுத்துவதுபோல் இருக்கும்.

ஒரே இடத்தில் ஆங்கிலம் கைகொடுக்கும். "இது புத்தகம்" என்று தமிழில் முடித்துவிடலாம். பாடத்தில் படிக்கும் பணிவு நடையில் "கொரெ வ ஹொன் தெஸ்" என்று தெஸ் வர வேண்டும். ஆங்கிலத்தில் 'இஸ்' போட்டுப் பழகியவர் இதை மறப்பதில்லை. தமிழில் யோசிப்பவர் விட்டுவிடுவார்.

தமிழ் வழியின் பலம் நீண்ட வாக்கியத்தில்தான் தெரியும். "கத்த ஹொன்" என்பது 'வாங்கிய புத்தகம்'. 'வாங்கினேன் புத்தகம்' என்று நாம் அடுக்காததுபோல, அங்கேயும் "கைமஷித ஹொன்" என்று முற்றுவினையின் பணிவு வடிவத்தை நடுவில் வைப்பதில்லை. 'வருவார் என்று சொன்னார்' என்பதில் 'என்று' நிற்கும் இடத்தில் அவர்களுக்கு "தொ": குரு தொ இஇமஷித. 'சாப்பிட்டுப் பார்' என்பது "தபெதெ மிரு". மிரு என்றால் பார்ப்பதுதான், சுவைத்துச் சோதிக்கும் பொருள் உட்பட! கடையில் 'முட்டை ஆறு குடுங்க' என்போமே, "தமகொ ஒ ரொக்கொ குதசய்" அதே அடுக்கு: பொருள், எண்ணிக்கை, வினை. (இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்ப வேண்டாம். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் கொரியன், துருக்கி என்று நிறைய உண்டு.)

வரிசை கச்சிதமாக வந்துவிடுவதால் உருபும் அப்படியே வரும் என்று நம்பிவிடுகிறோம், சறுக்கல் அங்கேதான். பஸ்ஸில் ஏறினேன், பஸ்ஸில் போனேன்: நமக்கு இரண்டிலும் 'இல்'. அவர்களுக்கு ஏறியது "பஸு நி நொரிமஷித", போனது "பஸு தெ இகிமஷித". நண்பரைச் சந்தித்தேன் என்பதில் நம் 'ஐ'க்கு நேராக "ஒ" போட்டால் தவறு. "தொமொதச்சி நி ஐமஷித" என்று நி வரும். 'ஏழு மணிக்கு' என்பது "ஷிச்சிஜி நி" சரி. 'நாளைக்கு' என்பதற்காக "அஷித நி" என்று போகக் கூடாது, வெறும் அஷித போதும். 'எனக்கு மீன் பிடிக்கும்' இன்னும் வழுக்கும். 'எனக்கு' என்பதை "வதஷி நி" ஆக்கத் தோன்றும். சரியானது "வதஷி வ சகன ங ஸுகி தெஸ்". ஆளுக்கு வ, பிடித்த பொருளுக்கு ங.

(அந்த "ங", கேள்விக்கு வரும் "க" இரண்டையும் தமிழில் 'க' என்றே எழுதினால் வித்தியாசம் தெரியாது. பழைய தோக்கியோ உச்சரிப்பில் முதலாவது மூக்கொலியோடு வருவதால் இங்கே ங. இப்படி ஒட்டுப்போடுவதைவிட ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்துகளான 46 ஹிரகானாவை முதலில் முடித்துவிடுவது நல்லது.)

கேள்வியிலும் ஒரு பள்ளம். நம் 'ஆ' எந்தச் சொல்லிலும் ஒட்டும்: நேற்றா வந்தார்? அவர்களின் "க" வாக்கியத்தின் கடைசியில் நிற்பது. "கினோ க" என்று நடுவில் செருக முடியாது. "கித நொ வ கினோ தெஸ் க", அதாவது 'வந்தது நேற்றா?' என்று வாக்கியத்தையே திருப்ப வேண்டும்.

மூன்றாவது வழி இந்த உருபுத் தவறுகளுக்கு மருந்து. தாளின் வலது ஓரத்தில் வினையை எழுதி, அதனிடமே கேள்வி கேட்டு இடப்பக்கமாக நிரப்புவது. யொமிமஷித: எதை? ஹொன் ஒ. எங்கே? தென்ஷ தெ. எப்போது? க்யோ. இதில் வினையும் அதன் உருபும் சேர்ந்தே மனதில் பதியும்: ஏறுவதற்கு நி, படிப்பதற்கு ஒ, புரிவதற்கு ங. இருபது வினைகளை இப்படிச் செய்தாலே அன்றாட வாக்கியங்களில் பாதித் தவறு குறையும் என்பது எங்கள் கணிப்பு. குறை, வேகம். பேசும்போது பின்னாலிருந்து கட்டிக்கொண்டிருக்க முடியாது. கேட்கும்போது அறவே உதவாது, காதில் விழுவது முன்னாலிருந்து அல்லவா?

எனவே வாய்க்கும் காதுக்கும் தமிழ் வழி, நோட்டுக்கு வினை வழி. ஆங்கிலச் சூத்திரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்5 என்ற தொடக்க நிலைக்குப் படிப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். அதில் நான்கு கோடிட்ட இடங்களில் ஒன்றில் நட்சத்திரம் போட்டு, அங்கே வரும் சொல் எது என்று கேட்பார்கள். முதலில் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் அச்சாகியிருக்கும் வினையைப் பாருங்கள். அது கேட்கும் உருபு எந்தச் சொல்லோடு இருக்கிறதோ அது பெரும்பாலும் கடைசிக் கோட்டுக்குப் போகும். மீதி மூன்றைத் தமிழில் வாய்விட்டு அடுக்கினால் நட்சத்திரம் தானாக நிரம்பும். தேர்வு அறையில் மட்டும் மனதுக்குள்.