பேப்பரா, பாடியா, சேசிஸா? பிரதி காரைச் செய்தவரைக் கண்டுபிடிக்க எது உதவும்

பார்த்தால் அசல் கோப்ரா, 1960-களில் ஷெல்பி கம்பெனி செய்த ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் இது பிரதி. எந்த கம்பெனி செய்த பிரதி என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. பாகம் வாங்க வேண்டும், விலை பேச வேண்டும் என்றால் அந்தப் பெயர் தேவை. எல்லாரும் முதலில் எடுப்பது பதிவு ஆவணத்தைத்தான்.

அது பெரும்பாலும் பாதி பதில்தான் தரும். கிட்டாக, அதாவது பூட்டாத பாகங்களாக விற்ற காரில், செய்த கம்பெனி ஒன்று, வீட்டில் பூட்டியவர் இன்னொருவர். பதிவில் பூட்டியவர் பெயர் இருக்கலாம். வெறுமனே ‘ஃபோர்டு’ என்றும் இருக்கலாம். போர்ஷ் 356 ஸ்பீட்ஸ்டர் பிரதிகளில் கூத்து இன்னும் அதிகம். பல கார்கள் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தளத்தை வெட்டிக் குறுக்கி, அதன் மேல் கட்டியவை. பின்சீட்டுக்கு அடியில், நடு டனலில் (தளத்தின் நடுவே நீளமாக ஓடும் மேடு) பொறித்த எண் பீட்டிலுடையது. பதிவில் ஏறுவதும் பல சமயம் அதுவே. அந்த எண்ணை வைத்து ஸ்பீட்ஸ்டரைச் செய்தவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பாடி அதைவிட மோசம். ஃபைபர்கிளாஸ் அச்சுகள் கை மாறும். ஒருவர் பாடியின் மேலேயே இன்னொருவர் அச்சு எடுத்துவிடுவார். வளைவுகளைப் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அலுமினியப் பாடி என்றால் மட்டும் பட்டியல் சட்டெனச் சுருங்கும். அலுமினியக் கோப்ரா செய்யும், அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் கிர்க்கம் கம்பெனியை முதலில் விசாரிக்கலாம். காந்தத்தை வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலுமே ஒட்டாது. மட்கார்டின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், ஃபைபர்கிளாஸ் என்றால் இழை தட்டுப்படும்.

என் ஓட்டு சேசிஸுக்கு, அதாவது காரின் அடிச்சட்டத்துக்கு. பெயின்ட் மாறும், எஞ்சின் மாறும். அடிச்சட்டத்தை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. கோப்ரா பிரதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் கம்பெனி, 4 அங்குல வட்டக் குழாய்களை முதுகெலும்பாக வைத்து, ஃபோர்டு மஸ்டாங் காரின் பாகங்கள் பொருந்தும்படி சேசிஸ் செய்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள ஈ.ஆர்.ஏ. கம்பெனியின் சேசிஸில் இருப்பது செவ்வகக் குழாய், ஜாகுவார் பின் சஸ்பென்ஷன். தென்னாப்பிரிக்காவின் பேக்டிராஃப்ட் பி.எம்.டபிள்யூ. சஸ்பென்ஷனைப் பயன்படுத்தியது.

ஆனால் ஒரே தடயத்தோடு நின்றுவிடக் கூடாது. ஜாகுவார் பின் சஸ்பென்ஷனை கன்டெம்பரரி கம்பெனியும் வைத்தது. வட்டக் குழாயோ அசல் கோப்ராவின் 427 மாடலிலேயே உண்டு. அதனால் குழாயின் வடிவம், சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள், வெல்டிங் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சந்தேகப்படும் கம்பெனிக்கே அனுப்புவது நல்லது.

சேசிஸில் பொறித்த எண் கிடைத்தால் வேலை சுலபம். ரிவெட் அடித்த தகடு மட்டும் என்றால் எச்சரிக்கை, அதைக் கழற்றி வேறு காரில் மாட்டலாம். அசல் கோப்ராக்களைப் போல சி.எஸ்.எக்ஸ். என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும் துள்ளவும் வேண்டாம். 4000 வரிசை என்றால் அது ஷெல்பி பிற்காலத்தில் விற்ற தொடர்ச்சிக் கார். 1960-களில் பிறந்தது அல்ல.